காதுக்கு எட்டிய தூரத்தில்

சருகுச் சில்வண்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் முட்டி போட யோசிக்கிறவர்கள். உடுப்பில் மண் ஒட்டினால் ஒட்டட்டும் என்று நினைக்கிற எவருக்கும் அது ஒரு பிற்பகல் வேலைதான்.

ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். ஆரம்பம் இந்தப் பூச்சிதான்.

விரல் நகத்தின் அளவு இருக்கும். கரும்பழுப்பு நிறம். இறக்கை முதுகில் பாதி வரைதான் வரும், அதனால் பறக்காது. பின்னால் இரண்டு வால் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். நடுவில் ஊசி மாதிரி இன்னொன்றும் இருந்தால் பெண். அந்த ஊசியால்தான் மண்ணில் முட்டை வைக்கும். காட்டு ஓரத்துப் புல்லில் இதைப் போலவே இன்னொன்று உண்டு. கூடப் பிறந்தது மாதிரி அச்சாக இருக்கும். வித்தியாசம் நெற்றியில். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு வெளிறிய கோடு ஓடும். அது மேலே போய்க் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்தால் சருகுச் சில்வண்டு. பிரியாமல் நேராகப் போனால் புல்லில் இருப்பது. கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும்.

ஆனால் காடு முழுவதும் முட்டி போட்டு நடக்க முடியாது. அதனால் காதை நம்புகிறோம். ஆண் பூச்சி பிற்பகலில் சருகுக்கு அடியில் இருந்துகொண்டு கத்தும். புல்லில் இருப்பது விட்டு விட்டுக் கத்தும். சருகில் இருப்பது நூல் இழுப்பது மாதிரி, மெல்லிசாக, நிறுத்தாமல் கத்தும். மிகவும் உயர்ந்த சுதி. பலர் அதன் பக்கத்தில் நின்றுகொண்டே, இங்கே எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று சொல்வார்கள்.

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் என்னை எல்லோரும் 'காதுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர், பிறகு மரியாதையாக நிலைத்துவிட்டது. நகரத்துக்கு வெளியே இருக்கிற அந்தக் காட்டின் ஓரமாகப் புறவழிச்சாலை வர இருந்ததும், சருகுச் சில்வண்டு வாழ்கிற பகுதியைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்ததும் உங்களுக்குத் தெரியும். பூச்சி எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியவன் நான். நான் ஓர் இடத்தில் நின்று, "இங்க இருக்கு" என்று சொன்னால் வரைபடத்தில் சாலை தள்ளிப் போகும். ஒரு சாலையை வளைக்கிற காது எத்தனை பேருக்கு இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

இனி என் தங்கையைப் பற்றி.

எனக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் அதிகம். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளைப் படிக்க வைத்தது, காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான்தான். இதைச் சொல்லிக் காட்டுவதாக நினைக்க வேண்டாம். பெண்கள் பள்ளி ஒன்றில் அவள் பாட்டு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. வந்த வரன்களையெல்லாம் நான்தான் குறை சொல்லித் தட்டிக்கழித்தேன் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். குறை இருந்தது, சொன்னேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் என் அறை, கீழே அவள் அறை, நடுவில் சாப்பாட்டு மேஜை. எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

விடுமுறை நாட்களில் என்னோடு காட்டுக்கு வருவாள். அவளுக்குக் காற்று மாற்றம், எனக்குத் துணை.

ஒரு நாள், வழக்கமாக நாங்கள் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற பாறைக்குப் பக்கத்தில் அவள் சிரித்தாள். "என்ன அண்ணா இன்னைக்கு இதுங்களுக்கு? காது கிழியற மாதிரி கத்துதுங்க," என்றாள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. காற்று கேட்டது, தூரத்தில் லாரி கேட்டது, அவள் பாட்டில் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. சில்வண்டு மட்டும் இல்லை. "வெயில் அதிகம், அதான்," என்று சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு தண்ணீரைக் குடித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. நாங்கள் அதைப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு முன்னால் அவள் நடப்பாள். ஏதாவது ஓர் இடத்தில் நிற்பாள், செருப்பைச் சரி செய்வாள், அல்லது கூந்தலை அள்ளி முடிவாள். நான் அந்த இடத்தில் நின்று தலையைச் சாய்த்து, "இங்க இருக்கு," என்பேன். அவள், "ஆமாண்ணா, கேக்குது," என்பாள். அவ்வளவுதான். அவள் நிற்பதைப் பார்த்து நான் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது என்றே நினைத்தேன். தெரியும் என்றும் நினைத்தேன். நாளாக நாளாக, எதை நினைத்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. காலையில் தோசைக்கல்லின் முன் அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடினால், அது பாட்டா, என்னைச் சோதிக்கிறாளா என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

இந்தச் சமயத்தில்தான் பெட்டிக்காரர் வந்தார். உங்கள் முன்னால் வந்து சாட்சி சொன்னாரே, அந்த இளைஞர். ஒலிப்பதிவில் படித்தவர். மரத்தில் கட்டி வைக்க உள்ளங்கை அகலப் பெட்டிகள் வைத்திருப்பார். இரவும் பகலும் அவை தாமாகப் பதிவு செய்யும், பிறகு கணினித் திரையில் ஒவ்வொரு சத்தமும் கோடாக வரும். அருங்காட்சியக இயக்குநர் அவரை எனக்கு உதவியாக அனுப்புவதாகத்தான் சொன்னார். உதவியாக அனுப்பப்படுகிறவர்களை நான் எப்போதும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பேன்.

முதல் நாளே அவர் கேட்டார். "சார், நீங்க எப்பவும் மேடத்தோடதான் வருவீங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"இல்ல சார், சும்மா. மேடம் ரொம்ப உன்னிப்பா கேக்கறாங்க, அதான்."

சும்மா என்று சொல்லிக் கேட்கப்படுகிற கேள்வி எதுவும் சும்மா இருப்பதில்லை. இது உங்கள் வேலையிலும் தெரிந்திருக்கும்.

பிறகு அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். பெட்டியின் மின்கலம், வரைபடம், ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். நான் மாடியிலிருந்து இறங்கும்போது சமையலறையில் பேச்சு நிற்கும். அவர் எழுந்து நின்று, "வணக்கம் சார்," என்பார். அவள் குழம்பைக் கிளறாமலேயே கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு தடவை மேஜை மேல் காதில் மாட்டுகிற கருவி ஒன்று கிடந்தது. நான் பார்த்ததும் அவள் அதன்மேல் துணியை இழுத்துப் போட்டாள். ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஊறுகாய் எங்கே என்று கேட்டேன்.

நான் முதலில் நினைத்தது, நீங்கள் நினைத்ததேதான். இரண்டு பேருக்கும் ஏதோ இருக்கிறது என்று. அப்படி இருந்திருந்தால் நான் வருத்தப்பட்டிருப்பேன், அவ்வளவுதான். ஆனால் அது இல்லை. அவர் அவளை, "அக்கா," என்று கூப்பிடுவதைக் கேட்டேன். என் முன்னால் மேடம், என் முதுகுக்குப் பின்னால் அக்கா. அப்படியென்றால் பேச்சு வேறு எதைப் பற்றியோ. அந்த வீட்டில் பேசுவதற்கு இருந்த இன்னொரு விஷயம் நான்தான்.

அடுத்து அந்தக் கூட்டம்.

காட்டின் கிழக்கில் ஒரு பெரிய மரம் விழுந்து கிடக்கிறது. அதன் பக்கத்துப் பள்ளத்தில் பூச்சி இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தேன். சாலை அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போக வேண்டும், அதனால் அந்த இடம் முக்கியம். பெட்டிக்காரர் அங்கே ஒரு வாரம் பெட்டி கட்டியிருந்தார். அருங்காட்சியகக் கூட்ட அறையில், சாலைப் பொறியாளர்கள் முன்னால், திரையில் எல்லா இடத்துக் கோடுகளையும் காட்டினார். நான் சொன்ன எல்லா இடத்திலும் கோடு இருந்தது. விழுந்த மரத்துப் பள்ளத்தில் மட்டும் திரை வெறுமையாக இருந்தது.

ஒரு பொறியாளர் பேனாவை உருட்டிக்கொண்டே, "காது ஏமாத்தறது சகஜம்தானே," என்றார். யாரோ சிரித்தார்கள். இயக்குநர் என் தோளில் கை வைத்து, "இன்னொரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க சார். வயசு எல்லாருக்கும்தான் ஆகுது," என்றார்.

பெட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். குற்றவுணர்ச்சி இருக்கிறவர்கள்தான் அப்படிக் குனிவார்கள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன். கோபமாக இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு விழுந்த மரத்துக்கிட்ட ஏன் நின்னே?"

அவள் குவளையை நிமிர்த்தினாள். கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

"சும்மாதான் அண்ணா. மூச்சு வாங்குச்சு, நின்னேன்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற என்ன? நீங்கதானே சொன்னீங்க அங்க இருக்குன்னு."

நீங்கள் என் இடத்தில் இருந்து பாருங்கள். பூச்சி இல்லாத இடத்தில் அவள் நின்றிருக்கிறாள். நான் அங்கே வாயைத் திறப்பேன் என்று தெரிந்து நின்றிருக்கிறாள். இப்போது பழியையும் என்மேல் போடுகிறாள். பெட்டிக்காரர் அதே இடத்தில் பெட்டி கட்டியிருக்கிறார். கணக்கு எவ்வளவு சரியாக உட்கார்ந்தது பாருங்கள்.

அடுத்த சில நாட்களில் அவள் தொலைபேசியில் பேசியது கேட்டது. நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, இறங்கிக்கொண்டிருந்தேன், நின்றேன்.

"அண்ணாவுக்குத் தெரியவே கூடாது," என்றாள். "தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. நீங்க முடிச்சுட்டுச் சொல்லுங்க. நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன்."

முடித்துவிட்டு. எதை முடிப்பார்கள்? என்னைத்தான் என்று புரிந்துகொண்டேன். என் நாற்காலியில் அந்த இளைஞர் உட்கார்வார், என் தங்கை எனக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்வாள். வாழ்நாள் முழுக்க அவளுக்கு ஊட்டியது என் கை. இனி அவள் எனக்கு ஊட்டுவாள், வாயைத் துடைத்துவிடுவாள், விருந்தாளிகளிடம் தணிந்த குரலில் என் காதைப் பற்றிப் பேசுவாள்.

அந்தப் பள்ளத்தில் ஒரு பழைய நிலத்தடித் தொட்டி இருக்கிறது. எப்போதோ அங்கே நாற்றங்கால் வைத்திருந்தபோது கட்டியது. மூடியிருந்த பலகை உளுத்துப் போயிருந்தது. போன மழைக்குப் பிறகு என் கைத்தடி அதற்குள் இறங்கிவிட்டது. யாரும் விழுந்துவிடக் கூடாது என்று கிளைகளை ஒடித்து அதன்மேல் போட்டு வைத்தேன். வனத்துறையிடம் சொல்ல மறந்துவிட்டதாக முதல் நாள் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. தள்ளிப்போட்டேன்.

அவளோடு போவதற்கு முந்தின நாள் நான் மட்டும் போய், கிளைகளை எடுத்து ஓரமாகப் போட்டேன். சருகை நன்றாக நிரவிவிட்டேன். கிளை கிடந்தால் சருகு ஒழுங்காகப் படியாது, பூச்சி தங்காது. இது யாரும் ஒப்புக்கொள்கிற விஷயம்.

மறுநாள் பிற்பகல். பள்ளிக்கு விடுமுறை. இயக்குநர் சொன்னபடி அந்த இடத்தை மறுபடி பார்க்கப் போகிறோம் என்றேன். அவள் உற்சாகமாகவே கிளம்பினாள். வழியில் எனக்குப் பிடித்த பழைய பாட்டைப் பாடிக்கொண்டு வந்தாள்.

விழுந்த மரத்தின் பக்கத்தில் நின்றோம். அப்போது நான் இதுவரை அவளிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"எனக்குக் கேக்கலம்மா. கொஞ்ச காலமாவே கேக்கல. நீ போய்க் கேட்டுச் சொல்லு."

அவள் முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பயந்தோ திகைத்தோ போகவில்லை. தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவள் மாதிரி ஒரு நிம்மதி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களே சொல்லிட்டீங்களே அண்ணா. நான் எப்படிப் பேச்சை எடுக்கறதுன்னே தெரியாம இருந்தேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு. முதல்ல கேளு. அதோ, அந்தச் சருகு மேட்டுக்கிட்ட. கண்ணை மூடிக்கிட்டு நட, அப்பத்தான் காது நல்லா வேலை செய்யும்."

"விழுந்துடப் போறேன்," என்று சிரித்தாள்.

"நான் இருக்கேன்ல."

கண்ணை மூடிக்கொண்டு, சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது நீட்டுவாளே, அதே மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள். பலகை பெரிய சத்தம் எழுப்பவில்லை. ஈரப் பலகை, மெதுவாகத்தான் உடையும்.

நான் தள்ளவில்லை. என் கை அவள்மேல் படவே இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கழுத்தளவு மழைத்தண்ணீர் இருந்தது, பிடித்து ஏற எதுவும் இல்லை. முதலில் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவள் குரல். "அண்ணா, பயப்படாதீங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. கால்தான் மடங்கிடுச்சு. யாரையாவது கூட்டிட்டு வாங்க."

நான் பதில் சொல்லவில்லை. அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். பிறகு தண்ணீர்ப் பாட்டிலால் சுவரில் தட்டினாள். ஏன் தட்டுகிறாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துவிட்டாள். தட்டினால் தரை அதிர்வதாவது எனக்குத் தெரியும் என்று தட்டியிருக்கிறாள். அந்த நிலையிலும் அவள் என்னைச் செவிடன் என்றே நினைத்தாள். எனக்கு அது வலித்தது.

தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளி முட்டி போட்டேன். வந்த வேலையைப் பார்க்க வேண்டும். சருகை அடுக்கடுக்காக விலக்கினேன். மேல் அடுக்கு காய்ந்தது, அடுத்தது ஈரமானது, அதற்கும் கீழே கறுத்து மண்ணாகிக்கொண்டிருப்பது. அந்த மூன்றாவது அடுக்கில் ஒன்று குதித்தது. உள்ளங்கையால் பொத்திப் பிடித்தேன். கண்ணாடிக் குப்பியில் விட்டேன். பின்னால் ஊசி இருந்தது, பெண். பெண் கத்தாது. நெற்றிக் கோட்டைப் பார்க்கப் பூதக்கண்ணாடியை வைத்தபோது அவள் மறுபடி கூப்பிட்டாள். "கொஞ்சம் பேசாம இரும்மா," என்றேன்.

அவள் பேசாமல் இருந்தாள். கொஞ்ச நேரம்தான், ஆனால் இருந்தாள். நான் சொன்னால் கேட்கிறவள். பிறகு தணிந்த குரலில், "அண்ணா, உங்களுக்குக் கேக்குதா?" என்றாள்.

கோடு கவட்டையாகப் பிரிந்திருந்தது.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் வீட்டுக்கு வந்து, அவள் எனக்கு முன்னாலேயே காட்டிலிருந்து கிளம்பிவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னது, மறுநாள் வனக்காவலர்கள் தேடிக் கண்டுபிடித்தது, நான் அழுதது. அழுதது நடிப்பில்லை. நீங்கள் முதல் நாள் கேட்டீர்கள், "அவ்வளவு பக்கத்துல இருந்தும் அவங்க கூப்பிட்டது கேக்கலையா?" என்று. எனக்குக் காது போய்விட்டது என்று சொன்னேன். எதை மறைக்க இவ்வளவும் செய்தேனோ அதையே என் வாயால் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பொறியாளர் பழம் வாங்கிக்கொண்டு வந்து, கூட்டத்தில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டார். இவ்வளவுதானா என்று இருந்தது. முன்பே சொல்லியிருக்கலாம்.

நீங்கள் கேட்ட சான்றிதழுக்காகக் காது மருத்துவரிடம் போனேன். காதில் கருவியை மாட்டி, ஒவ்வொரு சத்தமாக வைத்துப் பார்த்தார். "உச்சமான சத்தமெல்லாம் சுத்தமா போயிடுச்சு," என்றார். உங்களிடம் இதைச் சொன்னேன். அடுத்து அவர் சொன்னதைச் சொல்லவில்லை. "ஆனா கவலைப்படாதீங்க. பேச்சுச் சத்தம் அருமையா கேக்குது. அடுத்த ரூம்ல பேசினாக்கூட உங்க காதுல விழும்."

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் குறைந்த பிறகு பெட்டிக்காரர் வந்தார். வாசலிலேயே நின்றார், கண் வீங்கியிருந்தது. ஒரு துணிப்பையை நீட்டினார்.

"சார், அக்கா உங்களுக்காகச் செய்யச் சொன்னாங்க. முடியறதுக்குள்ள..." என்று நிறுத்தினார்.

சமையலறை மேஜையில் நான் பார்த்த அதே காதுக் கருவி. அதோடு ஒரு சின்னப் பெட்டி. பூச்சி கத்துகிற உச்ச சுதியைப் பிடித்து, கீழே இறக்கி, எனக்குக் கேட்கிற சுதியில் கொடுக்குமாம். அவள்தான் அவரோடு உட்கார்ந்து, எந்தப் பூச்சியின் சத்தம் எப்படிக் கேட்க வேண்டும் என்று பாடிக் காட்டிச் சரி செய்தாளாம்.

"உங்களுக்குக் கேக்கலன்னு எங்களுக்குத் தெரியும்கிறது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னாங்க சார். மனசு உடைஞ்சுடும்னாங்க. செஞ்சு முடிச்சதும் அவங்களே சொல்றேன்னாங்க."

நான் நன்றி சொன்னேன். தேநீர் கொடுத்தேன். குடிக்காமலேயே போனார்.

அடுத்த பிற்பகல் அதை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். நன்றாகவே வேலை செய்கிறது. வழி நெடுகக் கேட்டது. விழுந்த மரத்துப் பக்கம் போய் நின்றேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, மிகவும் மெல்லிசாக, நூல் இழுப்பது மாதிரி, நிறுத்தாமல் ஒன்று. பள்ளத்தின் அடியில், கெட்டியான சருகுக்குக் கீழே ஒரே ஒரு ஆண். மரத்தில் உயரக் கட்டிய பெட்டிக்கு எட்டாத சத்தம். நடந்து போகிறவள் காதுக்கு எட்டியிருக்கிறது.

அவள் சும்மா நிற்கவில்லை. கேட்டுத்தான் நின்றிருக்கிறாள். நான் கேட்டபோது, பூச்சி கத்துச்சு, அதனால நின்னேன் என்று சொல்லியிருந்தால், அவள் நிற்பதைப் பார்த்துத்தான் நான் சொல்கிறேன் என்று இருவரும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் மூச்சு வாங்குச்சு என்றாள். எனக்காகப் பொய் சொன்னாள். பொய் சொன்னால் சந்தேகம் வரத்தான் செய்யும். இதில் அவள் பக்கமும் தவறு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஆனாலும் என் வார்த்தை சரியாக இருந்தது. இயக்குநரிடம் சொன்னேன். பெட்டியைத் தாழ்வாகக் கட்டிப் பார்த்தார்கள், கோடு வந்தது. சாலை வளைந்துதான் போகப் போகிறது.

தாழ்வாகக் கட்டியது என்றதும் ஞாபகம் வருகிறது. பெட்டிக்காரர் அதற்கும் முன்பே, கூட்டம் முடிந்த வாரமே, யாரிடமும் சொல்லாமல் இன்னொரு பெட்டியைப் பள்ளத்தில் ஒரு வேரோடு கட்டி வைத்திருந்தாராம். என் பக்கம்தான் நியாயம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதாம், அதை நிரூபிக்க. அவள் போன துக்கத்தில் அதை மறந்தே போய்விட்டார். போன வாரம் அவிழ்த்து எடுத்து, உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அதில் பூச்சி இருந்தது, என் தங்கை இருந்தாள். "கொஞ்சம் பேசாம இரும்மா," என்று நானும் இருந்தேன். நேராக உங்களிடம் கொண்டுவந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேலையில் சுத்தமானவர்.

ஆக, பலகை உளுத்திருந்தது எனக்குத் தெரியும். கிளைகளை எடுத்தது நான். சருகை நிரவியது நான். கண்ணை மூடி நடக்கச் சொன்னது நான். அவள் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்டது. இதில் நீங்கள் எழுதிக்கொள்வது எதையும் நான் மறுக்கப் போவதில்லை.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். காலையில் வராந்தாவில் உங்கள் காவலர் ஒருவர் இன்னொருவரிடம் என்னைக் காட்டி, "கூடப்பிறந்தவளைக் காட்டுல தனியா சாக விட்டுட்டு வந்த ஆளு," என்றார். கதவு சாத்தித்தான் இருந்தது, ஆனாலும் என் காதில் விழுந்தது. அது சரியான தகவல் இல்லை. குப்பியை மூடிப் பையில் வைத்துவிட்டு, நான் தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். முதலில் முழு வாக்கியமாகப் பேசினாள். பிறகு அண்ணா என்று மட்டும். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அதுவும் நின்றது. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் எழுந்தேன். கடைசி வரைக்கும் அவள் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். அவளை நான் ஒருபோதும் தனியாக விட்டதில்லை.